விலக்குப் பெற்ற ஜோடிகள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் மாடிப்படிகள் இரண்டு. ஒன்று பையன்களுக்கு, மற்றது பெண்களுக்கு. கேன்டீனில் ஜன்னல் இரண்டு, நூலகத்தில் நேரம் இரண்டு, பள்ளி வேனில்கூட நடுவில் ஒரு கம்பித் தடுப்பு. நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே, கோழிப்பண்ணைகள் சூழ நிற்கிற விடுதிப் பள்ளி அது. பிள்ளைகளை மதிப்பெண்ணுக்காக அங்கே சேர்ப்பதாகப் பெற்றோர்கள் சொல்லிக்கொள்வார்கள். இந்தத் தடுப்புகளுக்காகத்தான் சேர்க்கிறார்கள் என்பது என் கட்சி.

அப்படிப்பட்ட பள்ளிக்கூடம் ஜூலை மாதத்து அசெம்ப்ளி ஒன்றில் ஓர் அறிவிப்புச் செய்தது. இந்த ஆண்டு மாணவர் தலைவர் தேர்தலில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஜோடியாகத்தான் நிற்க வேண்டும். நிற்கிற ஜோடிக்குத் தேர்தல் முடியும்வரை விலக்கு உண்டு. சேர்ந்து உட்காரலாம், சேர்ந்து பேசலாம், யாரும் கேட்க மாட்டார்கள். மைதானம் முழுக்க ஒரு சலசலப்பு எழுந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் சந்தேகம்.

எனக்குக் கொஞ்சம் சந்தேகப் புத்தி. அப்பா சேலத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் கேமரா அறையில் வேலை பார்க்கிறார். பகல் முழுக்கத் திரையில் மனிதர்களின் கைகளைப் பார்த்துவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, "சும்மா சும்மா சிரிக்கறவங்களத்தான் எச்சா கவனிக்கோணும்" என்பார். அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். என் பெயர் வர்ணிகா. அப்போது பன்னிரண்டாம் வகுப்பு.

அட்டையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. எல்லோர் கழுத்திலும் ஓர் அடையாள அட்டை தொங்கும். பையன்களின் அட்டை, 'இங்கே ஒரு பையன் இருக்கிறான்' என்று ஓசையில்லாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். எந்தப் பையன் என்று சொல்லாது. பெண்களின் அட்டை அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பையன் பத்து நொடிக்கு மேல் நின்றால் பெண்ணின் அட்டை அதிரும். ஒரே வாரத்தில் மூன்று முறை அதிர்ந்தால் பெண்ணின் வீட்டுக்கு மெசேஜ் போகும். பையன் வீட்டுக்கு எதுவும் போகாது. அவன் அட்டைக்கு அதிரவே தெரியாது. இதைக் கண்டுபிடித்தவர் வீட்டில் பையன்கள் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று என் சிநேகிதி ஜீவிதா சொல்வாள்.

அதனால் எங்களுக்கெல்லாம் ஒன்பது நொடிப் பேச்சு பழகியிருந்தது. நோட்டு கேட்பது, நன்றி சொல்வது, திட்டுவது, திட்டியதற்கு மன்னிப்புக் கேட்பது எல்லாவற்றையும் அதற்குள் முடித்துவிட்டு ஓரடி பின்னால் போய்விடுவோம். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனாலும் இந்தப் பழக்கம் விடாது. மாமா பையனிடம் பேசும்போதும் நடுநடுவே பின்வாங்குவேன். "ஏண்டி, கபடியா ஆடற?" என்று அம்மா கேட்பாள்.

ஜீவிதா என் அறைத்தோழி. கால்நடை டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டவள். வகுப்பில் முதலாவது வருவாள், வந்துவிட்டு அதற்காக வெட்கப்படுவாள். ஜூன் மாதம் அவள் வீட்டுக்கு மெசேஜ் போயிற்று. 'உங்கள் மகள் இந்த வாரம் மூன்று முறை ஒரு மாணவருக்கு மிக அருகில் நின்றிருக்கிறார்.' அவ்வளவுதான் செய்தி. நடந்தது தண்ணீர்க் குழாயடியில். எங்கள் பள்ளியில் இரண்டாக இல்லாத ஒரே பொருள் அந்தச் சுத்திகரித்த தண்ணீர் மிஷின்தான், விலை அதிகம் என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். பாட்டில் நிறைய ஒரு நிமிடமாகும். அடுத்து நிற்கிறவன் பையனாக இருந்தால் அவள் என்ன செய்வாள்?

"யாருன்னே நான் பாக்கலடி. பாட்டிலத்தான் பாத்துட்டு நின்னேன்" என்றாள் என்னிடம். பிரின்சிபாலிடமும் அதையேதான் சொன்னாள். மறுநாள் அவள் அப்பா திருச்செங்கோட்டிலிருந்து வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், அவள் பின்னால் போனாள். படிப்பு போதும், தனித்தேர்வு எழுதிக்கொள்ளட்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. போனும் கிடையாது.

நான் பிரின்சிபால் சுலோச்சனா மேடத்தின் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"தண்ணி புடிக்க நிக்கறதும் லவ் பண்றதும் ஒண்ணுங்களா மேடம்?"

"அந்த வித்தியாசம் அட்டைக்குத் தெரியாது கண்ணு."

"தெரியாத அட்டையை நம்பி ஏனுங்க மெசேஜ் அனுப்பறீங்க?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. நான் சொன்னதை எங்கோ குறித்து வைத்துக்கொள்வதுபோல் இருந்தது. அதை அப்போது என் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒழுங்குக் குழுவில் மாணவர் தலைவருக்கு ஒரு நாற்காலி உண்டு. எந்த மெசேஜையும் மறுபடி விசாரிக்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. இதுவரை எந்தத் தலைவரும் அந்த உரிமையைத் தொட்டதில்லை. ஜீவிதாவின் அப்பா போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்: அது தப்பான செய்தி என்று பள்ளிக்கூடமே சொன்னால் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன். எனக்கு வேண்டியது அந்த நாற்காலி ஒன்றுதான்.

ஜீவிதாவும் நானும் விடுமுறையில் ஜப்பான் அனிமே தொடர்களாகப் பார்த்துத் தள்ளுவோம். அதிலெல்லாம் மாணவர் தலைவர் என்றால் ஆசிரியர்களே எழுந்து நிற்பார்கள். தேர்தலுக்குத் தேர்தல் சதி நடக்கும். கடைசியில் மொட்டை மாடியில் காற்று வீச, பூ உதிர, ஒருவரிடம் ஒருவர் காதலைச் சொல்வார்கள். எங்கள் பள்ளியில் மாணவர் தலைவரின் வேலை அசெம்ப்ளியில் உறுதிமொழி வாசிப்பது. மொட்டை மாடிக்குப் பூட்டு. அங்கே உதிர்வது வார்டனின் துணிகளும் கிளிப்புகளும்தான்.

லோகித் என்னை வந்து பார்த்தது வேதியியல் ஆய்வகத்துக்கு வெளியே. பி பிரிவுப் பையன், அப்பாவுக்குக் கோழிப்பண்ணை. எதற்கும் ஒரு சிரிப்போடு வருகிறவன்.

"வர்ணிகா, ஜோடியா நிக்கலாமா? செயிச்சா ஜீவிதா கேஸ எடுக்கலாம். யோசிச்சுச் சொல்லு."

சொல்லிவிட்டு ஓரடி பின்னால் போய்விட்டான். அதுவரை அவனோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுநாள் அதே இடத்தில், "ஏன் நான்?" என்று கேட்டேன்.

"பிரின்சிபால் ரூமுக்குப் போயி கத்துன ஆளு நீ ஒருத்திதான்."

பதில் சரியாகத்தான் இருந்தது. ரொம்பச் சரியாக இருக்கிற பதில்கள் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனாலும் வேறு வழியில்லாமல் சம்மதித்தேன்.

போன ஆண்டு ஒரே ஒருவன் நின்று போட்டியில்லாமல் தேர்வானான். இந்த ஆண்டு பதினோரு ஜோடி. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தேர்தல் எந்த மாதம் என்றுகூடத் தெரியாது. விலக்கு கிடைக்கிறதே, போதாதா? எல்லோருக்கும் பழைய அட்டையை வாங்கிக்கொண்டு மஞ்சள் கோடு போட்ட புது அட்டை கொடுத்தார்கள். வேப்பமரத்தடியில் எங்களுக்கென்று புதிதாக பெஞ்சுகள் வந்தன. நூலகத்தில் ஓர் அறை ஒதுக்கினார்கள். அந்தப் பக்கம் வார்டன்கள் தலைகாட்டவே இல்லை. கேன்டீன்காரர் டீயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். என் அப்பாவாக இருந்தால் அந்த டீயைக் குடித்திருக்கவே மாட்டார்.

முதல் நாள் பெஞ்சில் உட்கார்ந்தபோது லோகித்துக்கும் எனக்கும் பேச்சே வரவில்லை. இரண்டு வாக்கியம் பேசுவோம், உடனே இரண்டு பேரும் தானாக ஆளுக்கொரு பக்கம் நகர்வோம். மறுபடி நெருங்கி உட்காருவோம், மறுபடி நகர்வோம். கடைசியில் அவன் பெஞ்சின் ஓரத்திலிருந்து கீழே விழுந்தான். நான் சிரித்த சிரிப்பில் தேர்தல் பயமெல்லாம் போய்விட்டது.

அவன் நன்றாக வரைவான். எங்கள் இருவரையும் அனிமே முகங்களாக, முகத்தில் பாதிக்குக் கண்களாக, போஸ்டர் வரைந்து ஒட்டினான். பள்ளி முழுக்க எங்களுக்கு முட்டைக்கண் ஜோடி என்று பெயராயிற்று. கோழிப்பண்ணைக்காரன் மகன் என்பதால் அந்தப் பெயர் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு எதிரில் பலமான ஜோடி அஸ்வத்தும் சம்யுக்தாவும். அவர்கள் வாக்குறுதி ஒன்றே ஒன்று: புதன்கிழமை பிரியாணி. நாங்கள் வகுப்பு வகுப்பாகப் போய் அட்டையின் அநியாயத்தைப் பற்றி உருக்கமாகப் பேசுவோம். பேசி முடித்ததும் ஆறாம் வகுப்புப் பொடிசுகள் எழுந்து, "பிரியாணி உண்டுங்களாக்கா?" என்று கேட்கும்.

இதற்கு நடுவில் நான் லோகித்தைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். அவன் என் குடும்பத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்குப் பிடித்த நிறம், பிடித்த பாட்டு எதையும் கேட்கவில்லை. ஜீவிதாவைப் பற்றித்தான் கேட்டான். அவள் அப்பா எப்படிப்பட்டவர், பெரியப்பா வீட்டில் விட்டிருக்கிறார்களா, யாராவது போய்ப் பார்த்தார்களா, பிரின்சிபாலிடம் அவள் சரியாக என்ன சொன்னாள். ஒரு முறை கேட்டதையே மறுமுறையும் கேட்டான். நிர்வாகம்தான் இவனை என்னிடம் அனுப்பி வைத்திருக்கிறது என்று முடிவு செய்தேன். நான் எதை வைத்துப் போராடப் போகிறேன் என்று வேவு பார்க்கிறான். அதனால் சில விஷயங்களை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன். பிரின்சிபால் காதுக்கு அது போகிறதா என்று காத்திருந்தேன். போகவில்லை.

இன்னொன்றும் நடந்தது. எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. எப்போது என்று கேட்டால் தெரியாது. காலையில் மஞ்சள் கோட்டு அட்டையை மாட்டும்போது கை ஒரு மாதிரி பரபரக்கும். அவன் வர ஐந்து நிமிடம் தாமதமானால் பெஞ்சில் உட்கார முடியாது. வேவு பார்க்க வந்தவனையே விரும்புகிறேனே என்று என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கவுன்சலிங் மேடம் வரப்போகிறார், எல்லா வேட்பாளரிடமும் தனித்தனியாகப் பேசுவார் என்று அறிவித்தபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிரின்சிபால் அறைக்கு மறுபடி போனேன்.

"தேர்தலுக்குக் கவுன்சலிங் எதுக்குங்க மேடம்?"

அவர் என்னை உட்காரச் சொன்னார். மறைக்கிற முகமாக இல்லை. சொன்னால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நம்புகிற முகமாக இருந்தது.

"நீதான கண்ணு கேட்ட, தண்ணி புடிக்கறதும் லவ்வும் ஒண்ணான்னு. நியாயமான கேள்வி. அட்டை செய்யற கம்பெனிக்காரங்ககிட்ட அப்படியே கேட்டேன். 'அதுக்கு வித்தியாசம் தெரியணும்ன்னா யாராச்சும் காட்டோணும் மேடம்'ன்னாங்க. லவ் பண்ற பசங்க எப்படி உக்காருவாங்க, பிரெண்டா இருக்கற பசங்க எப்படி உக்காருவாங்க, குரல் எப்படி மாறுது, நாடி எப்படி அடிக்குது. அதெல்லாம் பாத்துப் பாத்துத்தான் அது கத்துக்குமாம். நம்ம பசங்கதான் பக்கத்துலயே உக்கார மாட்டீங்களே. அப்பறம் எங்க போயிக் காட்டறது?"

"அதுக்குத்தான் தேர்தலுங்களா?"

"தேர்தலும் நெசந்தான். கவுன்சலிங் மேடம் ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதாச்சும் இருக்கா, இல்லையா? எதச் சொன்னாலும் வீட்டுக்குப் போகாது, அதுக்கு நான் பொறுப்பு. அந்தப் பதிலையும் மஞ்சக் கோட்டு அட்டை பதிஞ்சு வெச்சதையும் சேத்துக் குடுத்தாப் போதும், அட்டை கத்துக்கும். அப்பறம் பத்து நொடிக் கணக்கே வேண்டாம். பேசறவங்க பேசிக்கலாம். நெசமாலுமே தப்பு பண்றவங்களை மட்டும் தூரத்துல இருந்தே கண்டுபுடிச்சுரும். எந்தப் பையன்ங்கறதும் தெரிஞ்சுரும்."

"ஜீவிதா?"

"அவளோட பழைய பதிவு இருக்குது. அதுல நாடி, குரல் எல்லாம் இருக்கு, அப்பப் படிக்கத்தான் ஆளில்ல. புது அட்டை கத்துக்கிட்டதும் முதல்ல அதைத்தான் போட்டுப் பாப்பேன். ஒண்ணுமில்லைன்னு வந்தா நானே அவங்கப்பாவுக்குப் போன் பண்றேன். போதுமா?"

போதும்தான். நான் கேட்டது அதுதானே? ஜீவிதா குற்றமற்றவள் என்று மிஷினே சொல்லிவிடும். நாற்காலிகூட வேண்டாம். ஆனால் வெளியே வந்து மாடிப்படியில் இறங்கும்போதுதான் முழுசாக உறைத்தது. காதலிக்கிறவர்களை ஒரு சாதனத்துக்கு மாதிரி காட்டத்தான் எங்களுக்கு பெஞ்சும் டீயும் கொடுத்திருக்கிறார்கள். அந்த யோசனையைக் கொடுத்தவள் நான்.

அட்டைகளைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு லோகித்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"ஜீவிதா பதிவ அதுல போடக் கூடாது" என்றான் உடனே.

"ஏன்? அவ ஒண்ணும் பண்ணலியே. நல்லதுதான வரும்?"

"கூடாதுன்னா கூடாது வர்ணிகா."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

அவன் ஓரடி பின்னால் போனான். பிறகு, "ஜீவிதா ஒருத்தியக் காப்பாத்தறதுக்கு மீதி எல்லாரையும் காட்டிக் குடுப்பியா? நாளைக்கி அந்த அட்டை ஒருத்தி நெஞ்சத் தொறந்து பாத்து அவங்கப்பனுக்கு மெசேஜ் அனுப்பும். அதுக்கு நாமதான் வாத்தியாரு" என்றான்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவன் சொன்னது நியாயம். ஆனால் அந்த நியாயத்தை அவன் இரண்டாவதாகத்தான் சொன்னான். முதலில் பதறியது வேறு எதற்கோ. அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, எதற்கென்றுதான் தெரியவில்லை.

யோசனை என்னுடையது. பதினோரு ஜோடிகளையும் நூலக அறைக்கு வரவழைத்தோம். அட்டைகளைக் கழற்றி வெளியே மேஜைமேல் வைத்துவிட்டு வரச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் முகத்திலும் ரத்தமில்லை. பெஞ்சில் தாங்கள் என்னென்ன பேசினோம் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பயப்பட வேண்டாம். கவுன்சலிங் மேடம் கேக்கறப்ப எல்லாரும் மாத்திச் சொல்லுங்க. உள்ளுக்குள்ள ஏதாச்சும் இருக்கறவங்க இல்லைன்னு சொல்லுங்க. ஒண்ணுமில்லாதவங்க இருக்குன்னு சொல்லுங்க. அட்டை தலைகீழாக் கத்துக்கும்" என்றேன்.

"அப்ப நாங்க இல்லைன்னு சொல்லோணுமா?" என்று அஸ்வத் கேட்டுவிட்டான். அறை வெடித்துச் சிரித்தது. சம்யுக்தா அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

"யாரும் யாருகிட்டயும் சொல்ல வேண்டாம். உள்ள போயி மாத்திச் சொன்னாப் போதும்" என்றான் லோகித்.

கவுன்சலிங் மேடம் ரொம்ப மென்மையாகப் பேசினார். என் மனசில் இருப்பதைச் சொல்ல அதைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார் என்று தோன்றும்படி பேசினார். "உனக்கும் லோகித்துக்கும் நடுவுல ஏதாவது இருக்காம்மா? உன் மனசுல?"

"இல்லீங்க மேடம்" என்றேன். என் வாழ்க்கையில் முதன்முதலாக நான் காதலை ஒப்புக்கொண்டது அப்படித்தான். சொல்லி முடித்ததும் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு டிஷ்யூ நீட்டினார்.

எனக்குப் பிறகு லோகித் உள்ளே போனான். நான் வெளியே நின்றேன். திரும்பி வந்தவனிடம் கேட்காமல் இருக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை.

"என்ன சொன்ன?"

"இருக்குன்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் போஸ்டர் ஒட்டப் போய்விட்டான்.

இருக்கு என்றால் இல்லை. கணக்கு சுலபம். ஆனால் அங்கே உட்கார்ந்ததும் கணக்கு மறந்து, உண்மையே வாயில் வந்திருந்தால்? எத்தனையோ பேருக்கு அப்படி ஆகியிருக்கும். அவனுக்கும் ஆகியிருக்கலாம். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களைச் சந்தேகப்பட்டவளுக்கு, அன்றுதான் ஒரு சந்தேகம் இனித்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

தேர்தலில் நாங்கள் தோற்றோம். பிரியாணி ஜெயித்தது. தோற்ற அன்று லோகித் என்னைவிட உடைந்துபோனான். வேப்பமரத்தடியில் தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்காகத்தான் இவ்வளவு வருத்தப்படுகிறான் என்று நினைத்து, தோல்வியையும் மீறி எனக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது. மறுநாள் மஞ்சள் கோட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தோம்.

ஆகஸ்ட் கடைசியில் எல்லோருக்கும் புது அட்டை வந்தது. வந்த முதல் வாரமே மெசேஜ்கள் பறந்தன. அஸ்வத்தும் சம்யுக்தாவும் ஒரே இளநீரில் இரண்டு ஸ்ட்ரா போட்டுக் குடித்தார்கள், அட்டை கம்மென்று இருந்தது. ஆனால் பையன்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாகப் போகிற பெண்கள் இருக்கிறார்களே, அவர்கள் வீடுகளுக்கெல்லாம் செய்தி போயிற்று. தூரமாக நின்றவர்கள், பேசாதவர்கள், விதியை அப்படியே கடைப்பிடித்தவர்கள் அத்தனை பேரும் காதலர்கள் என்றது அட்டை. தாளாளரின் மகள் ஹர்ஷிதா அதுவரை எந்தப் பையன் பெயரையும் உச்சரித்தது கிடையாது. அவளுக்கு ஒரே நாளில் நான்கு காதலர்கள்.

பள்ளிக்கு வெளியே கார்கள் வரிசைகட்டி நின்றன. தாளாளரே முன்னால் நின்று அட்டைகளை மூட்டை கட்டச் சொன்னார். கம்பெனிக்காரர்கள் ஏதோ விளக்கம் சொல்ல வந்தார்கள், வாசலோடு அனுப்பிவிட்டார். இதுவரை போன எல்லா மெசேஜும் தவறு என்று பெற்றோர்களுக்குப் போன் செய்யும் வேலை பிரின்சிபால் தலையில் விழுந்தது. ஜீவிதாவின் பழைய பதிவைப் போட்டுப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் அவள் வீட்டுக்கும் போன் போனது.

அவள் அப்பா போனை நம்பவில்லை. நேரில் வருகிறேன், வந்து கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மதியம் வந்தார். அவர் பிரின்சிபால் அறைக்குள் போக, வெளியே பெஞ்சில் ஜீவிதா உட்கார்ந்திருந்தாள். நான் ஓடினேன். இளைத்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"லோகித்தக் காணமே?"

"லோகித்தா? உனக்கெப்படி லோகித்தத் தெரியும்?"

"அவன் உங்கிட்ட சொல்லவேயில்லையா? சொல்லாதேன்னு நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். காப்பாத்தீட்டான் பாரு." குரலைத் தாழ்த்தினாள். "குழாயடில நின்னது அவன்தான்டி. மூணு தடவையும் அவன்தான். அந்தப் பழைய அட்டை தப்பா ஒண்ணும் சொல்லல."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பேசிக்கொண்டே போனாள்.

"பெட்டியத் தூக்கிட்டுப் போறப்ப அவன்கிட்டச் சொன்னேன், வர்ணிகாவப் புடி, அவ விடமாட்டான்னு. பாரு, கொண்டுவந்துட்ட."

"ஏண்டி எங்கிட்ட மறைச்ச?"

"உனக்குத் தெரிஞ்சிருந்தா, எனக்காக அத்தன தைரியமாப் போயி சண்ட போட்டிருப்பியா?"

போட்டிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. எத்தனை பேரை எதற்கெதற்கோ சந்தேகப்பட்டேன். இவளை மட்டும் ஒரு முறைகூடச் சந்தேகப்படவில்லை. இருக்கு என்றால் இல்லை என்பது கடைசியில் அவ்வளவு சுலபமான கணக்காகவே முடிந்தது.

"வர்ணிகா, உள்ள வா கண்ணு" என்று பிரின்சிபால் கூப்பிட்டார்.

ஜீவிதாவின் அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். பிரின்சிபால் பேசியதில் அவர் சமாதானமாகவில்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது.

"மிஷினு தப்புன்னு இவங்க சொல்றாங்க அம்மிணி. அன்னைக்குச் சரின்னாங்க, இன்னைக்குத் தப்புங்கறாங்க. எனக்கு மிஷினும் வேண்டாம், இவங்களும் வேண்டாம். நீ அவகூடவே ஒரே ரூமுல இருந்தவ. நீ சொல்லு. பையன்னு யாராச்சும் இருந்தானா, இல்லையா? இருந்தான்னா இப்படியே கூட்டிட்டுப் போயிடறேன்."

கதவு பாதி திறந்திருந்தது. வெளியே ஜீவிதா பெஞ்சில் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவளுக்கும் அப்பால், வராந்தாவின் கோடியில் லோகித் வந்து நின்றிருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை போதும். பொய்கூட இல்லை, உண்மையான வார்த்தை. சொன்னால் அவள் பெட்டியோடு போய்விடுவாள். அவன் இங்கே இருப்பான், நானும் இருப்பேன். அந்த ஆசை எனக்கு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது, நன்றாகவே வந்தது.

"யாருமில்லீங்க அங்கிள்" என்றேன். "தண்ணி புடிக்க நின்னா. அடுத்து எவனோ வந்து நின்னான். அவன் மூஞ்சியக்கூட அவ பாத்ததில்ல."

"நெசமா?"

"நெசமாத்தானுங்க."

அவர் பிரின்சிபாலைப் பார்த்தார். சுலோச்சனா மேடம் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்தப் பொண்ணுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் வருமுங்க. பள்ளிக்கூடத்து மேலயே சந்தேகப்பட்டு இந்த ரூமுல வந்து என்கிட்டச் சண்ட போட்டவ. அவளுக்கே உங்க பொண்ணு மேல சந்தேகமில்லைன்னா, அப்பறம் நம்ம சந்தேகப்படறதுக்கு என்னங்க இருக்குது?"

அவர் எழுந்து போய்க் கதவை முழுசாகத் திறந்து, "பெட்டிய எறக்கிக்க சாமி" என்றார் மகளிடம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சிநேகிதி திரும்பி வந்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து ஜீவிதாவின் அப்பா என் தலையில் கை வைத்தார். அவர் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.